இடைப்பட்ட ஆண்டுகளையும் அச்சிடுங்கள்: அறிவியல் பாடநூல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி அறிவியல் நூல்களை எழுதுகிற, தொகுக்கிற, அவற்றுக்கு ஒப்புதல் அளிக்கிற குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நூல்களில் பெரும்பாலான பாடங்களின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. ஓர் அறிவியலாளரின் படம், அவர் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, அவர் கண்டுபிடித்தது இன்னது என்று சொல்லும் இரண்டு வரிகள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. "1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார்" என்பது அப்படிப்பட்ட வரிகளில் ஒன்று. அந்த வரியில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், நோயாளிகளின் உடலில் ஊசி வழியே பென்சிலின் ஏறத் தொடங்கியது 1941இல்தான் என்பதும், ஓர் ஆய்வுக்கூட வியப்பு மருந்தாக மாறியது அந்த இடைவெளியின் கடைசி ஓரிரு ஆண்டுகளில்தான் என்பதும், அதைச் செய்தவர்கள் வேறு மனிதர்கள் என்பதும் அந்த வரிக்குள் அகப்படுவதில்லை. அப்படி விடுபட்டுப்போகிற ஆண்டுகளுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

பள்ளியில் அறிவியல் கற்பிப்பவர்களில் நானும் ஒருவர். பெயரையும் ஆண்டையும் மட்டும் தருகிற பாடத்தைப் படிக்கும் மாணவர், யாரும் சொல்லாமலே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: கண்டுபிடிப்பவர்கள் தனிப்பிறவிகள், அவர்களுக்கு ஒரு நாள் சட்டென்று பொறி தட்டும், நமக்குத் தட்டாது. ஆய்வுக்கூடத்தில் தன்னுடைய சோதனை எதிர்பார்த்தபடி வராதபோது, ஏன் வரவில்லை என்று பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரின் ஏட்டைப் பார்த்து 'சரியான' அளவீட்டை எழுதிக்கொள்ளும் பழக்கத்துக்கும் இந்த எண்ணமே வேர் என்று உறுதியாக நம்புகிறேன். விடை மட்டுமே அறிவியல் என்று நாம் சொல்லிக்கொடுத்திருக்கும்போது, விடையை மட்டும் எடுத்துக்கொள்கிற பிள்ளையைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பென்சிலினையே எடுத்துக்கொள்வோம். தன் வளர்ப்புத் தட்டில் தற்செயலாக வந்து முளைத்த பூஞ்சையைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் அழிந்திருப்பதைக் கண்ட ஃபிளெமிங், 1929இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பூஞ்சைச் சாற்றிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க அவருடைய கூடத்தில் நடந்த முயற்சிகள் கைகூடவில்லை. தூய்மைப்படுத்தத் தொடங்கினாலே சிதைந்துபோகிற பொருளாக அது இருந்தது. பத்தாண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் அதை மீண்டும் கையில் எடுத்தபோது, அவர்களுடன் நார்மன் ஹீட்லி என்ற இளம் உயிர்வேதியியலாளர் இருந்தார். நான் பாடம் நடத்திய எந்த நூலிலும் இவருடைய பெயரைக் கண்டதில்லை. பூஞ்சைச் சாற்றை அமிலமாக்கிக் குளிர்ந்த நிலையில் ஈதருடன் சேர்த்துக் குலுக்கினால் பென்சிலின் ஈதருக்குள் போய்விடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அதை ஈதரிலிருந்து கெடாமல் வெளியே எடுப்பதில்தான் சிக்கல் இருந்தது. ஈதரை ஆவியாக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதைச் சற்றே காரத்தன்மையுள்ள நீருடன் குலுக்கிப் பார்க்கலாம் என்றார் ஹீட்லி. பென்சிலின் நீருக்கே திரும்பி வந்தது. அமிலம், காரம், கரைதிறன் என்று நீங்கள் தனித்தனிப் பாடங்களாக வைத்திருக்கிற வேதியியல்தான் இது. அந்தப் பாடங்களில் எதிலும் இந்த நிகழ்ச்சிக்கு இடம் கிடைக்காமல் போனது எனக்குத் தீராத வருத்தம்.

1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்கு உயிரைக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் செலுத்தப்பட்டன. அவற்றில் நான்குக்கு மட்டும் பென்சிலின் தரப்பட்டது. ஹீட்லி வீட்டுக்குப் போகாமல் பின்னிரவு வரை கூடத்திலேயே இருந்து எலிகளைக் கவனித்தார். விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் இறந்திருந்தன; மருந்து பெற்றவை உயிரோடு இருந்தன. பக்கத்தில் பெரும் போர் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் வேண்டிய கருவிகளுக்கு வழியில்லை. பூஞ்சைக்குப் பரந்த, ஆழமில்லாத பாத்திரம் தேவை. மருத்துவமனையில் படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வைக்கும் பெட்பேன் அதற்குப் பொருத்தமாக இருந்ததால் அதிலேயே வளர்த்தார்கள். பிறகு அந்த வடிவத்தையே அடிப்படையாக வைத்துப் பீங்கான் கலங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த ஹீட்லி, 1940 டிசம்பரில் இரவல் வாங்கிய வேனில் தாமே போய் அவற்றை ஏற்றி வந்தார். நூலகம் ஒன்று வேண்டாமென்று ஒதுக்கிய புத்தக அலமாரியைச் சட்டமாகக் கொண்டு, கண்ணாடிக் குழாய்களையும் அழைப்பு மணியையும் பொருத்தி, சாற்றைத் தொடர்ச்சியாகப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தையும் அவர்தான் கட்டினார். 1941 பிப்ரவரியில் கிருமித் தொற்றால் முகமெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்த ஒரு காவலருக்கு மருந்து செலுத்தினார்கள். அவர் தேறினார்; உணவு உண்டார். ஆனால் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பென்சிலினை மீட்டெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. மார்ச் மாதத்தில் அவர் இறந்துபோனார். மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தும், அளவு போதாததால் ஒரு மனிதரைக் காப்பாற்ற முடியாமல் போனது. பெருமளவில் உற்பத்தி செய்யும் வழியைத் தேடி ஃபுளோரியும் ஹீட்லியும் அந்த ஆண்டே அட்லாண்டிக்கைக் கடந்து போனதற்குப் பின்னால் இந்த நிகழ்ச்சி இருக்கிறது.

1945இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. ஹீட்லிக்கு 1990இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் அளித்தது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டத்தை அது வழங்கியது அதுவே முதல் முறை. இவ்வளவும் ஒரு பாடத்தில் அடங்கக்கூடியதுதான். இந்தப் பாடத்தைப் படித்த மாணவருக்குக் கரைதிறன் மறக்காது. பொறி தட்டியது ஒருவருக்கு, அதை மருந்தாக்கியது ஒரு கூட்டம் என்பதும் மறக்காது.

விடாமுயற்சியைப் பற்றி நீங்கள் எழுதாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும், பலமுறை தோற்றும் மனம் தளராமல் திரும்பத் திரும்பச் செய்தார், கடைசியில் வென்றார் என்ற அளவில் நின்றுவிடுகிறது. எனக்குத் தெரிந்த கண்டுபிடிப்பு வரலாறுகள் எதிலும் அப்படி நடக்கவில்லை. ஒரே காரியத்தைத் திரும்பச் செய்தவர்களைவிட, பல ஆண்டுகளின் உழைப்பைக் கையிலிருந்து நழுவவிட்டு வேறு வழிக்குத் திரும்பத் துணிந்தவர்களைத்தான் நான் அங்கே காண்கிறேன்.

ஜான் ஹாரிசன் தச்சர். நடுக்கடலில் கப்பல் நிற்கும் தீர்க்கக்கோட்டை அறியும் வழிக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்திருந்தது. பூமி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால் போதும். ஆனால் அலையிலும் வெப்ப மாற்றத்திலும் பிசகாத கடிகாரம் அன்று உலகில் இல்லை. ஹாரிசன் 1735இல் தம் முதல் கடல் கடிகாரத்தை முடித்தார். இரண்டாவதைச் செய்து முடித்தபின், கப்பல் திரும்பும்போது அதன் நடை பாதிக்கப்படும் என்று தாமே கண்டறிந்து, அதைக் கடலுக்கு அனுப்பாமல் ஒதுக்கினார். மூன்றாவதோடு 19 ஆண்டுகள் போராடினார். அந்தப் போராட்டத்தில் அவர் உருவாக்கிய ஈருலோகப் பட்டையும் கூண்டு உருளைத் தாங்கியும் இன்றுவரை பயன்படுகின்றன. ஆனால் கடிகாரம் அவர் விரும்பிய துல்லியத்தை எட்டவில்லை. பெரிய, கனமான கடிகாரம்தான் வழி என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம்பி உழைத்த அவர், முதிய வயதில், வேகமாகத் துடிக்கும் சிறிய கடிகாரமே விடை என்று உணர்ந்தார். 1759இல் முடிந்த நான்காவது கடிகாரம் சுமார் 13 சென்டிமீட்டர் விட்டமே கொண்டது. பெரியதொரு சட்டைப்பைக் கடிகாரம் போன்றது. 1761இல் புறப்பட்ட ஜமைக்கா பயணத்தில், 81 நாட்களுக்குப் பிறகு அதன் பிழை ஏறத்தாழ 5 வினாடி. அதன் பிறகும் பரிசுக்குழு தயங்கித் தயங்கி, புதுப்புது நிபந்தனைகள் போட்டது. நாடாளுமன்றம் தலையிட்டு மீதித் தொகையை வழங்கியபோது 1773ஆம் ஆண்டு பிறந்திருந்தது, ஹாரிசனுக்கு வயது 80.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கெப்ளர். கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்பதை அவருடைய முதல் விதியாக அச்சிட்டு, ஒரு படத்தையும் தந்து, அடுத்த விதிக்குப் போய்விடுகிறீர்கள். டைக்கோ பிராஹி வெறும் கண்ணால், தொலைநோக்கி இல்லாத காலத்தில், எடுத்து வைத்த செவ்வாயின் இடக்குறிப்புகளோடு கெப்ளர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். வட்டப் பாதையை வைத்துக்கொண்டே, ஒரே கணக்கைக் குறைந்தது எழுபது முறை செய்ததாக அவரே எழுதுகிறார். கடைசியில் அவருடைய கணிப்புக்கும் டைக்கோவின் குறிப்புக்கும் இடையே 8 கலை வேறுபாடு மிஞ்சியது. ஒரு கலை என்பது பாகையில் 60இல் ஒரு பங்கு. 8 கலை என்பது முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால்பங்கு. அதற்கு முந்தைய வானியலாளர் எவராக இருந்தாலும் அதை அளவீட்டுப் பிழை என்று தள்ளியிருப்பார். டைக்கோ அவ்வளவு பிழை செய்யக்கூடியவர் அல்லர் என்று கெப்ளர் அறிந்திருந்தார்; ஆகவே தம் கணக்கைத் தள்ளினார். இரண்டாயிரம் ஆண்டு மரபாக வந்த வட்டத்தைக் கைவிட்டு, முட்டை வடிவம் ஒன்றில் மேலும் அலைந்து, நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்து, 1609இல் நூலாக வெளியிட்டார். அந்த 8 கலைகளே வானியல் முழுவதையும் திருத்தியமைக்க வழிகாட்டின என்று அவர் அதில் சொல்கிறார். நீள்வட்டத்தின் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற மாணவருக்கு இந்த 8 கலைகளைச் சொல்லாமல் விடுவது, என் பார்வையில், அந்தப் பாடத்தின் உயிரை எடுத்துவிடுவதாகும்.

திரும்பத் திரும்பச் செய்வது மட்டுமே போதுமென்றால் ரெனே பிளோந்லோவும் வென்றிருப்பார். பிரான்சின் நான்சி நகரத்தில் பணியாற்றிய மதிப்புமிக்க இயற்பியலாளரான அவர், 1903இல் என்-கதிர்கள் என்ற புதிய கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார். வேறு பல ஆய்வாளர்களும் தாங்களும் கண்டதாக எழுதினார்கள். மறு ஆண்டு ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அவருடைய கூடத்துக்குச் சென்றார். கதிர்களைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருட்டில் யாரும் அறியாமல் எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாத நிலையிலும் அளவீடுகள் அப்படியே வந்துகொண்டிருந்தன. பிளோந்லோ ஏமாற்றுக்காரர் அல்லர். தாம் காண விரும்பியதைக் கண்டவர். கெப்ளரையும் இவரையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்துப் படிக்கிற மாணவருக்கு, சோதனையின் முடிவை நம் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நாம் தனியாக அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

இயற்பியலும் வேதியியலும் மட்டுமே கண்டுபிடிப்பின் களங்கள் என்ற எண்ணத்தையும் உங்கள் நூல்கள் ஊன்றிவிடுகின்றன. மொழிக்குள் நடந்த ஒரு கண்டுபிடிப்பை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழ் எழுத்தை அறிந்த மாணவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வதில் ஒரு தனி வசதியும் இருக்கிறது. கிரீட் தீவின் நாஸஸில் 1900இல் ஆர்தர் எவான்ஸ் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில், 'லீனியர் பி' என்று அவர் பெயரிட்ட எழுத்து இருந்தது. அது எந்த மொழி, எழுத்துகளின் ஒலி என்ன என்ற இரண்டுமே தெரியாது. ஆலிஸ் கோபர் நியூயார்க்கில் கல்லூரி ஆசிரியை; பகலில் பாடம் நடத்திவிட்டு இரவில் இந்த எழுத்தோடு அமர்ந்தவர். போர்க்காலத்தில் தாள் கிடைக்காததால் வாழ்த்து அட்டைகள், சுற்றறிக்கைகள், தேர்வு ஏட்டின் அட்டைகள் என்று அகப்பட்ட தாள்களையெல்லாம் கையால் வெட்டிக் குறிப்புச் சீட்டுகளாக்கினார். சிகரெட் அட்டைப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கினார். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் ஏறத்தாழ 1,80,000. எந்தக் குறி எதன் பக்கத்தில் வருகிறது, எத்தனை முறை வருகிறது, சொல்லின் முதலிலா இறுதியிலா என்ற விவரங்கள் அவற்றில் இருந்தன. ஒலியை ஊகித்துச் சொல்ல அவர் கடைசிவரை மறுத்தார். சான்று இல்லாமல் ஊகிப்பதே தமக்கு முந்தியவர்களைக் கெடுத்தது என்பது அவர் துணிபு.

ஒரே தொடக்கமும் வேறுவேறு முடிவும் கொண்ட மூன்று மூன்று சொற்களை அவர் கண்டெடுத்தார். வேற்றுமை உருபு ஏற்கிற மொழி அது என்று அதிலிருந்து முடிவு செய்தார். அதற்கடுத்த படியைத் தமிழில் விளக்குவது எளிது. 'மரத்தை', 'மரத்தால்' என்ற சொற்களில் 'தை', 'தா' என்ற எழுத்துகள் வடிவில் வேறுபட்டாலும் 'த்' என்ற மெய் பொதுவானது. உருபு மாறும்போது உயிர் மட்டுமே மாறுகிறது. எழுத்தின் ஒலியே தெரியாத நிலையிலும், இந்த இரண்டு எழுத்துகளுக்கும் ஒரே மெய் என்று ஒருவர் நிறுவிவிட முடியும். கோபர் இதைத்தான் செய்தார். எந்தக் குறிகள் ஒரே மெய்யைப் பகிர்கின்றன, எவை ஒரே உயிரைப் பகிர்கின்றன என்று ஒரு சிறு கட்டமாக வரைந்தார். நம் உயிர்மெய் அட்டவணையின் ஒரு மூலையை, ஓர் ஒலியும் தெரியாமல் கட்டியெழுப்பியது போன்றது அது. 1950இல், 43 வயதில், அவர் இறந்துபோனார்.

கட்டிடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் அந்தக் கட்டத்தை விரிவாக்கினார். பள்ளிப் பருவத்திலேயே இந்த எழுத்தின் மீது மையல் கொண்டவர் அவர். பலகைகளின் மொழி, பண்டைய இத்தாலியில் வழங்கிய எட்ருஸ்கன் மொழியோடு உறவுள்ளது என்று இளமையிலிருந்தே உறுதியாக நம்பியவரும்கூட. கிரீட் தீவின் ஊர்ப்பெயர்கள் சில பலகைகளில் இருக்கக்கூடும் என்று கருதி அவற்றின் ஒலிகளைக் கட்டத்தில் பொருத்திப் பார்த்தபோது, மற்றச் சொற்கள் கிரேக்கமாக ஒலிக்கத் தொடங்கின. அவரால் நம்ப முடியவில்லை. 1952 ஜூனில் சக ஆய்வாளர்களுக்கு அனுப்பிய குறிப்பில், இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற தொனியிலேயே எழுதினார். ஆனால் சான்று இழுத்த பக்கம் போனார். தம் எட்ருஸ்கன் நம்பிக்கையைக் கைவிட்டார். மறு ஆண்டு, புதிதாகத் தோண்டியெடுக்கப்பட்ட ஒரு பலகையை அவர் கட்டத்தின்படி படித்துப் பார்த்தார்கள். மூன்று கால் கொண்ட கலத்தின் படத்துக்குப் பக்கத்தில் 'தி-ரி-போ' என்று முக்காலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருந்தது. நான்கு காதுள்ள பானையின் அருகே நான்கு காது என்றும், மூன்று காதுள்ளதன் அருகே மூன்று காது என்றும், காதில்லாததன் அருகே காதில்லாதது என்றும் எழுதியிருந்தது. இந்தப் பலகையின் படத்தையும் எழுத்துகளின் பட்டியலையும் மாணவர்களிடம் கொடுத்து, அவர்களையே படிக்க விடுங்கள். ஒரு கருதுகோள் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அண்மைக் காலத்துக்கும் வரலாம். மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன அரசுத் திட்டத்தில் 1969இல் சேர்ந்த தூ யூயூவின் குழு, ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகளை எலிகளில் சோதித்தது. மாசிபத்திரிச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகை ஒரு முறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. நான்காம் நூற்றாண்டின் மருத்துவ நூல் ஒன்றைத் திரும்பப் படித்தபோது, அந்த மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதை அவர் கவனித்தார், கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. வெப்பமே மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, தாழ்ந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில், 191 என்ற எண்ணிட்ட சாறு எலிகளின் மலேரியாவை முற்றிலும் ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன், பாதுகாப்பைச் சோதிக்க அவரும் உடன் பணியாற்றியவர்களும் முதலில் தாங்களே உட்கொண்டார்கள். ஆர்ட்டெமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் அவர் நோபல் பரிசு பெற்றார். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு வழிவகுத்த கேட்டலின் கரிக்கோவின் வரலாறும் உங்களுக்குத் தெரிந்ததே: 1995இல் பணியில் தரம் இறக்கப்பட்டார், நிதி கிடைக்காமல் தவித்தார், 2023இல் நோபல் பெற்றார் என்று அதை எழுதிவிடுவார்கள். எப்படி வென்றார் என்பதை எழுத மாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய ஆர்.என்.ஏ. உடலின் எதிர்ப்பைத் தூண்டியபோது, ஒப்பீட்டுக்காக வைத்திருந்த இன்னொரு வகை ஆர்.என்.ஏ. தூண்டவில்லை, ஏன் என்று தேடிப்போன கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும், அதில் இயற்கையாகவே மாற்றமடைந்த அலகுகள் இருப்பதே காரணம் என்று கண்டு, 2005இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக்கு என்று ஓரமாய் வைத்த குழாய்தான் வழியைத் திறந்தது.

வென்றவர்களை மட்டும் சொல்வதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. உழைத்தால் உறுதியாக வெல்லலாம் என்ற பொய்யை அது சொல்லாமல் சொல்கிறது. வியன்னாவின் மகப்பேற்று மருத்துவமனையில் பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்குச் செல்லும் மருத்துவர்களின் கைகளே தாய்மாரின் சாவுக்குக் காரணம் என்று 1847இல் கண்ட இக்னாஸ் செம்மெல்வைஸ், குளோரின் கரைசலில் கை கழுவச் செய்து, 18 விழுக்காட்டைத் தொட்டிருந்த சாவு விகிதத்தை இரண்டு மாதங்களில் 2 விழுக்காட்டுக்கு இறக்கினார். அப்படியும் துறைத்தலைவர்கள் ஏற்கவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார். ஹென்ரியட்டா லெவிட், 1912இல் ஒருவகை மாறுவிண்மீன்களின் துடிப்புக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். அதையே அளவுகோலாக்கி ஆன்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்று வானியலாளர் ஹபிள் காட்டுவதற்கு முன்பே, 1921இல் காலமானார். கோபரைப் பற்றி மேலே சொன்னேன். இவர்கள் தோற்றவர்கள் என்று எந்த மாணவரும் சொல்ல மாட்டார். ஆனால் இவர்களைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நாம் தர வேண்டும். ஒரு கண்டுபிடிப்பு காலம் தாழ்ந்தது கண்டவரின் குறையாலா, அதைக் கேட்க மறுத்தவர்களாலா என்று விவாதிக்கவும் மாணவர்களுக்கு இடம் வேண்டும்.

இதற்கெல்லாம் பக்கங்கள் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். எல்லாக் கண்டுபிடிப்புக்கும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு வகுப்புக்கு ஒன்று போதும். அந்த ஒன்றை முழுமையாகச் சொல்லுங்கள். அதற்கு இடம் கொடுக்க ஓரக் கட்டங்கள் பாதியை எடுத்துவிட்டாலும் இழப்பு இல்லை. தேர்வில் கேட்க முடியாது என்ற தடை இன்னும் எளிதில் நீங்கக்கூடியது. பென்சிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்பதற்குப் பதிலாக, எட்டு எலிகளில் நான்குக்கு ஏன் மருந்து தரவில்லை என்று கேளுங்கள். கெப்ளரின் இடத்தில் நீங்கள் இருந்தால் 8 கலையை அளவீட்டுப் பிழை என்று கொள்வீர்களா, காரணம் தருக என்று கேளுங்கள். இத்தகைய விடைகளைத் திருத்துவதற்கு நேரம் கூடுதலாகத்தான் ஆகும். ஆசிரியர்கள் அதைச் செய்வோம்.

கேட்டுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. கட்டுக்கதைகளை நீக்குங்கள். நியூட்டன் ஆப்பிள் விழுவதைக் கண்டு சிந்தித்ததாக முதுமையில் தாமே நண்பர்களிடம் சொன்னதற்குப் பதிவு இருக்கிறது. அது தலையில் விழுந்ததாக இல்லை. அதைவிட முக்கியமானது, அந்தச் சிந்தனை எழுந்ததாகச் சொல்லப்படும் 1666க்கும் ஈர்ப்பு விதி நூலாக வந்த 1687க்கும் இடையே 21 ஆண்டுகள் இருந்தன என்பது. அந்த ஆண்டுகளில் அவர் எதை அறியாதிருந்தார், எந்தக் கணக்கு தடையாக நின்றது என்பதை விளக்கினால் ஆப்பிள் தானாகவே தன் அளவுக்குச் சுருங்கிவிடும். வரலாற்றுப் பகுதிகளை அறிவியல் வரலாறு அறிந்த ஒருவர் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்பும் நடைமுறை வேண்டும். சூத்திரத்தில் பிழை வந்தால் திருத்தப்பட்டியல் வெளியிடுகிறீர்கள், வரலாற்றில் பிழை வந்தாலும் அதையே செய்யுங்கள்.

அடுத்த திருத்தப் பதிப்புக்கான பணி தொடங்கும்போது, இப்படி ஒரு பாடத்தையாவது முன்மாதிரியாக எழுதி, அச்சுக்குப் போகுமுன் சில பள்ளிகளில் நடத்திப் பார்க்கக் கொடுங்கள். கரைதிறனுக்கு ஹீட்லியோ, கோள்களின் இயக்கத்துக்குக் கெப்ளரோ, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். வகுப்பில் நடத்தி, மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள், எங்கே கேள்வி கேட்டார்கள், எந்தப் பத்தி நீளம், எது போதவில்லை என்று எழுதித் தர என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்